சவுக்கு லாரியில் நான் மாட்டிய ஏர் ஃபில்டர்

செங்கல்பட்டு வட்டாரத்து லாரி மெக்கானிக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் என்று என்னையும் எழுதச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். ஒருவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்புக் கலரில் பளபளவென்று ஒரு ஏர் ஃபில்டர். கம்பெனி போட்டு அனுப்புகிற ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் லாரி நன்றாக இழுக்கும், டீசலும் மிச்சமாகும் என்று விற்கிறார்களாம். அச்சரப்பாக்கத்து டிப்பர் ஓனர்கள் தினமும் வந்து நச்சரிக்கிறார்களாம். "போடலாமா வேணாமா, அத எழுதிக் குடு நைனா" என்றார்.

ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் ஆசீர்வாதம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தேன். எங்கள் தெருவில் நான்தான் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்கும் அந்தப் பெருமை தலைக்கு ஏறித்தான் இருந்தது. அது பின்னால் வருகிறது.

டிரங்க் ரோட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கழுவினேன், துடைத்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று. ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே இரண்டாவது மெக்கானிக். எனக்கு மேலே ஹெட் மேஸ்திரி வரதன்.

மேஸ்திரி திருக்கழுக்குன்றத்துக்காரர். அவர் குடும்பம் தலைமுறையாகக் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம். இவர் மட்டும் யுத்த காலத்தில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என்ஜின் படித்துவிட்டு வந்துவிட்டார். ஆனாலும் வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போய் மாலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நாள் ஒர்க்‌ஷாப் என் பொறுப்பு.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தால் "வாடா, போடா" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க, இப்பிடி நில்லுங்க" என்று ஆரம்பித்தால் அவ்வளவுதான், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. வெளியாட்களுக்கு இது தெரியாது. பெரிய மனுஷன் என்ன தன்மையாகப் பேசுகிறார் பார் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இன்றைக்கு உங்களுக்குப் பேப்பர் ஃபில்டர்தான் தெரியும். அப்போது டீசல் லாரியில் பேப்பர் கிடையாது. ஒரு இரும்புச் சட்டி. சட்டியின் அடியில் என்ஜின் ஆயில் ஊற்றியிருக்கும். வெளிக்காற்று சட்டிக்குள் இறங்கி, எண்ணெய்மேல் மோதித் திரும்பி மேலே போகும். மோதுகிற இடத்தில் காற்றிலிருக்கிற மண், எண்ணெயோடு தங்கிவிடும். தப்பித்தது மேலே இருக்கிற கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். காற்று மட்டும் என்ஜினுக்குப் போகும். சட்டிக்குள் ஒரு கோடு போட்டிருப்பார்கள். எண்ணெய் அந்தக் கோடு வரைக்கும்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, சனிக்கிழமையில், மேஸ்திரி இந்தச் சட்டிகளை வரிசையாக இறக்கச் சொல்வார். பழைய எண்ணெயைத் தகரத் தட்டில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கின சேற்றை மூங்கில் பத்தையால் வழித்து எடுப்பார். அதைப் பார்த்தே வண்டி எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவார். சிவப்பாக இருந்தால் கிராவல் ரோடு. நறநறவென்று வெளுப்பாக இருந்தால் மகாபலிபுரத்துக் கடலோரம். டிரைவர்கள் யாரும் போகாத ஊருக்குப் போனதாக அவரிடம் கதை விட முடியாது. வலையை மண்ணெண்ணெயில் அலசி, புது எண்ணெயில் முக்கி, வடியவிட்டு மாட்டுவார். மாட்டின பிறகு என்ஜின் பக்கத்துக் குழாயைக் கழற்றி, அதற்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து எடுப்பார். அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துணி. அவரே துவைத்து அவரே மடித்து வைத்திருப்பார். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தால்தான் வண்டி வெளியே போகும்.

அந்தச் சட்டியும் லேசுப்பட்டதில்லை. மதுராந்தகத்து டிரைவர் ஒருவர், கோடு வரைக்கும் ஊற்றினால் நல்லது என்றால் வழிய வழிய ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று ஊற்றிவிட்டு வந்தார். எங்கள் வாசலில் வந்து நின்றதும் என்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. டீசலை அடைத்த பிறகும் நிற்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, புகை ரோட்டை மறைக்கிறது, வெடிக்கப் போகிறது என்று நாங்கள் எல்லாம் ஸ்டேஷன் பக்கம் ஓடிவிட்டோம். மேஸ்திரி மட்டும் ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய் காற்று போகிற வாயில் வைத்து அமுக்கினார். இரண்டு தடவை திமிறிவிட்டு என்ஜின் செத்தது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே டிரைவரிடம், "நீங்க ஒக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். அந்த ஆள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் ஆளுக்கொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேஸ்திரி கண்ணில் படாமல் நழுவினோம்.

இனிமேல் என் சமாசாரம்.

அருணாசலம் என்று ஒரு முதலாளி. ஸ்டேஷன் பக்கம் விறகு டிப்போ வைத்திருந்தார், மூன்று லாரி. மகாபலிபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இருக்கிற சவுக்குத் தோப்புகளில் கட்டை ஏற்றிவந்து இங்கே அடுக்குவார். தோப்புக்குள் ரோடு எங்கே இருக்கிறது? வெறும் மணல். சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையும் பனையோலையும் போட்டுப் போட்டு வண்டியை நகர்த்த வேண்டும். அந்தத் தோப்பிலேயே கிடந்து ஓடுகிற வண்டிக்கு டிரைவர் மாணிக்கம். மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம்தான் ஊர். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். படிப்பு கிடையாது, ஆனால் ஒரு விஷயத்தைச் சொன்னால் மறக்க மாட்டார்.

மேஸ்திரி திருவிழாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அருணாசலம் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். மெட்ராஸிலிருந்து ஒரு வியாபாரி கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். உள்ளே இரண்டு சாமான். ஒன்று, டிரைவர் சீட்டுக்குப் பக்கவாட்டில் எழும்பிக் கூரைக்கு மேலே போகிற நீளக் குழாய். இன்னொன்று, நிக்கல் பூசின வட்டப் பெட்டி, அதற்குள் மெல்லிசான கம்பிச் சுருள். எண்ணெய்ச் சட்டி கிடையாது. பழைய சட்டியோடு ஓடுவது மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்குகிற மாதிரி, இதைப் போட்டால் என்ஜின் நன்றாக மூச்சு விடும் என்று அந்த வியாபாரி சொன்னானாம். அருணாசலத்துக்கு அது மனசில் பதிந்துவிட்டது.

பெட்டியில் ஒரு அச்சடித்த தாள் இருந்தது, இங்கிலீஷில். "நீதான் படிச்சவனாச்சே, இன்னா போட்டுகீது பாரு" என்று என்னிடம் நீட்டினார். பக்கத்தில் மாணிக்கம், டிப்போ ஆட்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். முன்பக்கம் பெரிய எழுத்து, படம் போட்டு. கழற்று, கழுவு, காய வை. அதைப் படித்துவிட்டேன். தாளைத் திருப்பினால் பின்பக்கம் பூராவும் பொடி எழுத்து. இரண்டு வரி எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"பின்னாடி இன்னா?" என்றார் அருணாசலம்.

"அது கம்பெனி அட்ரஸுங்க" என்றேன்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது தெரிந்துவிடுமே என்று இருந்தது. சட்டி இல்லையே, அப்போது எண்ணெய் வேண்டாத புது மாடலாக்கும் என்று என்னையே சமாதானமும் செய்துகொண்டேன். வலையை எண்ணெயில் முக்கி மாட்டுவதைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

மாட்டி முடித்ததும் மாணிக்கத்திடம் அதிகாரமாகச் சொன்னேன். "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம கழட்டு அண்ணாத்த. மண்ணெண்ணெயில கழுவு. வெயில்ல வெச்சு நல்லா காய வுடு. ஒரு சொட்டு பிசுக்கு இருக்கக் கூடாது."

"காஞ்சாதான் மாட்டணும், அதானே?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

மேஸ்திரி லீவு முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "பழச பத்திரமா வெச்சுகிறியாடா?" வைத்திருக்கிறேன் என்றேன். அந்த வண்டி டிப்போவில் லோடு இறக்கியதும் தோப்புக்கே திரும்பிவிடும், சட்டி இல்லாததால் சனிக்கிழமைக்கும் எங்களிடம் வரவில்லை, சில்லறை வேலைகளை மாணிக்கமே பார்த்துக்கொண்டார். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாசம் அருணாசலத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. லாரி ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே டிப்போவில் சத்தம் கேட்கிறது, என்னமாய் இழுக்குது பாருங்கள் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. மாணிக்கம் வேறு அந்த நிக்கல் பெட்டியை விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார்.

ஆடி வந்தது. கடலோரத்தில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மணல் சும்மா ஊசி மாதிரி காலில் குத்தும். ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது அந்த லாரி நீலப் புகை விட ஆரம்பித்தது. மேட்டில் ஏற மறுத்தது. என்ஜினில் ஊற்றின எண்ணெய் ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. டின் டின்னாகப் போகிற எண்ணெய் எங்கே போகிறது என்று அருணாசலத்துக்குச் சந்தேகம். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, டிரைவர் விற்கிறான் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டிப்போ ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாணிக்கம் வீட்டுக்குப் போய்விட்டார். தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, பெட்டியைத் திறந்து, பாயை உதறி, அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். மாணிக்கத்தின் சம்சாரம் சிதறின அரிசியைப் பொறுக்கிக்கொண்டு அழுதிருக்கிறாள். கடைசியில் தாழ்வாரத்தில் ஒரு பழைய ஆயில் டின் கிடைத்தது. அதில் இருந்தது மண்ணெண்ணெய். "ஃபில்டர் கழுவறதுக்குங்க" என்று மாணிக்கம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எண்ணெய்த் திருடன் என்று பெயர் வைத்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் அருணாசலம். சாயங்காலத்துக்குள் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் எல்லா லாரி முதலாளிகளுக்கும் சேதி போய்விட்டது. இந்தத் தொழிலில் அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டினால் பிறகு எவனும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான்.

திங்கட்கிழமை அந்த லாரியை வேறொரு லாரியில் கட்டி இழுத்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்த டிப்போ ஆட்கள் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். மேஸ்திரி நேராக லாரியிடம் போனார். நிக்கல் பெட்டியைத் திறந்தார். உள்ளே கம்பிச் சுருள் சுத்தமாக, உலர்ந்து, புதுசு மாதிரி இருந்தது. அடுத்து என்ஜின் பக்கத்துக் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டார். துணி வெளியே வந்தபோது அதில் மணல். வெள்ளை மணல், ஒரு சிட்டிகை இருக்கும். அதை உள்ளங்கையில் தட்டி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பொடி எழுத்தில் என்ன இருந்திருக்கும் என்று யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அங்கேயே அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது, இதெல்லாம்தான் ஓடியது. மாணிக்கம் ஞாபகம் வந்தது. வந்ததும் வேறு எதையாவது நினைத்துக்கொண்டேன். மனுஷன் அப்படித்தான் இருக்கிறான், நான் அப்படித்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஹெட்டை இறக்கினோம். மேஸ்திரி சிலிண்டருக்குள் கையை விட்டு, மேல் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தால் மேலும் கீழும் வருடினார். நகம் படியில் இடறுகிற மாதிரி இடறியது. ஆறு சிலிண்டரிலும் மேலே தேய்ந்து, படி விழுந்திருந்தது. புதன்கிழமை பிஸ்டனை வெளியே எடுத்தோம். ரிங்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளி பார்த்தார். மேல் ரிங்கு பிளேடு மாதிரி மெலிந்துவிட்டது. கடைசியாக அடியில் படுத்துக்கொண்டு பேரிங் மூடிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். லேசாகக் கீறல், அவ்வளவுதான்.

மத்தியானம் அருணாசலம் வந்தார். மேஸ்திரி அவரிடம் பேரிங்கைக் கொடுத்தார்.

"மொதலாளி, டிரைவர் எண்ணெய வித்துட்டு வண்டிய வெறும் வயித்துல ஓட்டியிருந்தா மொதல்ல போறது இது. இது நல்லா கீது. தேஞ்சது மேல. மேலருந்து மணலு எறங்கிக் கீது. ரிங்கு தேஞ்சதால எண்ணெய என்ஜினே எரிச்சுகினு இருந்திச்சு. அதான் நீலப் பொகை."

"அப்ப எண்ணெ எங்கியும் போவலியா?"

"பொகையாதான் போச்சு. அந்த ஃபில்டரோட ஒரு பேப்பர் வந்திச்சாமே, வெச்சிருந்தா நாளைக்கு எடுத்தாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆசீர்வாதம், நீங்க அத படிச்சுக் காட்டுங்க."

நீங்க என்றார்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் திறக்கும்போதே மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கம் படிக்கத் தெரியாததை, அட்ரஸ் என்று சொன்னதை, காய வைக்கச் சொன்னதை. அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? வூட்ட தொழாவுனது நானா? மொதலாளி பத்து மணிக்கு வராரு" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் ஒரு நடை தோப்புக்குப் போய்ப் பாத்திருக்கணும். என் மேலயும் தப்பு கீது" என்றார்.

பத்து மணிக்கு அருணாசலம் தாளோடு வந்தார். வண்டிப் பத்திரத்தோடு சேர்த்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம், ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பிரிப்பதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"மொதலாளி, பின்னாடி இருக்கறது அட்ரஸ் இல்லீங்க. எனக்கு அத படிக்கத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. காய வெக்கச் சொன்னது நான்தான். மாணிக்கம் நான் சொன்னதத்தான் செஞ்சாரு. அவரு திருடல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி தாளை வாங்கித் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்த பிறகு, என்ஜின் எண்ணெயில் முக்கி, வடியவிட்டு மாட்டவும். எண்ணெய் இல்லாமல் ஓட்டக் கூடாது. தூசி அதிகமுள்ள இடங்களுக்கு இது ஏற்றதல்ல. அதுவும் போட்டிருந்தான் பாவி.

அருணாசலம், "அவன் வூட்டு அரிசியக் கொட்டுனனே" என்றார். பிறகு, "ஆள் வுட்டு வரச் சொல்றேன்" என்றார்.

"ஆள் வுட்டா வரமாட்டான்" என்றார் மேஸ்திரி. "என்ஜின் கட்டி முடிச்சதும் மேட்டுல ஏத்தி இழுவ பாக்கணும். பழைய சட்டியோட ஒரு தபா, இந்தப் பளபளப்போட ஒரு தபா. எதுல இழுக்குதுன்னு சொல்றதுக்கு அந்த வண்டி பழகுன கை வோணும். அவன் இல்லாம நான் வண்டிய வெளிய வுடமாட்டேன். போய் நீங்கதான் கூப்புடணும்."

இழுவை பார்க்க எந்த டிரைவராக இருந்தாலும் போதும். எங்களுக்கும் தெரியும், அருணாசலத்துக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் போனார். அதே தெருவில், அதே ஜனங்கள் பார்க்க, மாணிக்கம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கூப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

இழுவை பார்த்த விதத்தைச் சொல்கிறேன், இது உங்களுக்கு உபயோகப்படும். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு நீளமான மேடு. இரண்டு பக்கமும் புளியமரம், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு அடித்து நம்பர் போட்டிருக்கும். லாரியில் சவுக்கு முழு லோடு. மேட்டின் அடியில் நின்று, ஒரே கியரில், மிதியைக் கடைசி வரை அழுத்தி ஏற வேண்டும். எந்த மரத்துக்கு நேரே என்ஜின் திணறிக் கியரை இறக்க வேண்டியிருக்கிறதோ அந்த நம்பரை நான் சிலேட்டில் எழுத வேண்டும். நிக்கல் பெட்டியை எண்ணெயில் முக்கி மாட்டி மூன்று தடவை. அது இருக்க வேண்டிய லட்சணத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்றார் மேஸ்திரி, அதற்கும் நியாயம் செய்ய வேண்டுமாம். பிறகு பழைய சட்டியை மாட்டி மூன்று தடவை. ஆறு தடவையும் அதே இரண்டு மரத்துக்கு நடுவில்தான் கியர் இறங்கியது. வித்தியாசம் ஒரு வண்டி நீளம் கூட இல்லை.

மாணிக்கம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார், "சத்தம்தான் கூட. இழுவ அதே இழுவதான். சத்தத்துல நாமதான் ஏமாந்துகினு இருந்தோம்."

மேஸ்திரி அந்த நீளக் குழாயைத் தூக்கிப் போடவில்லை. அதைப் பழைய சட்டியின் வாயில் சேர்த்துப் பொருத்தினார். சக்கரம் கிளப்புகிற மணல் கூரை உயரத்துக்கு அவ்வளவாக வராது. அடுத்த தடவை சட்டியைத் திறந்தபோது அடியில் சேறு முன்னை மாதிரி பாதிகூட இல்லை. பிறகு அருணாசலத்தின் மற்ற இரண்டு லாரிக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே தகரத்தில் அப்படிக் குழாய் செய்து போட்டோம்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதை மாற்ற ஒருவன் சாமான் விற்றால் வாங்கிப் பாருங்கள், அதில் சரக்கு இருக்கலாம். காற்றை எது வழியாக விடுவது என்பதை மாற்றச் சொன்னால் யோசியுங்கள். நல்லா இருக்கிற என்ஜினுக்குக் கம்பெனி ஃபில்டரே போதுமான காற்றைக் கொடுக்கிறது. அதைவிடத் தாராளமாகக் காற்றை விடுகிற வலை மண்ணையும் தாராளமாகத்தான் விடும். வாங்கியே தீருவேன் என்கிற ஓனரிடம் மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள். அச்சடித்த தாளை இரண்டு பக்கமும் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலையுங்கள்.

இழுவை பார்த்த அன்றைக்கு ஒரு புளியமரத்தடியில் என்ஜின் ஆற நிறுத்தியிருந்தோம். மேஸ்திரி தண்ணீர் கொண்டுவரப் போனார். நானும் மாணிக்கமும் மட்டும். மன்னித்துக்கொள் அண்ணாத்த என்று ஆரம்பித்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா சொன்ன, அத வுடு. யாருக்கும் வர்றதுதான். திங்கக்கெழம வண்டி வந்துச்சு. அன்னிக்கே உனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உன் மூஞ்சப் பாத்தே எனுக்குத் தெரியிது. வியாழக்கெழம வரிக்கும் வாயத் தொறக்கல. அந்த மூணு நாளு என் புள்ளைங்க தெருவுல எறங்கல. திருடன் புள்ளன்னு கூப்புட்டாங்க."

மேஸ்திரி தண்ணீரோடு வந்தார், நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

அவர் அருணாசலத்திடமே திரும்பி வேலைக்கு வந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை லாரியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்துவார். சட்டியைக் கழற்றி, வழித்து, எண்ணெய் ஊற்றி, வலையை முக்கி நான் மாட்டுகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். மூடியைப் போடப் போகும்போது சொல்வார், "வெரல வுடு." நான் சட்டிக்குள் விரலை விட்டு எடுக்க வேண்டும். "காட்டு." எல்லார் முன்னாலும் எண்ணெய் சொட்டுகிற விரலை நீட்ட வேண்டும். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார். பிறகுதான் மூடி. வேறு பேச்சே கிடையாது.

முதல் வருஷம் உயிர் போகிற மாதிரி இருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். மேஸ்திரி ரிட்டயராகி நான் ஹெட் மேஸ்திரி ஆன பிறகும், என்னிடம் வேலை பார்க்கிற பத்துப் பேர் முன்னால், "வெரல வுடு. காட்டு" என்பார். நான் காட்டினேன். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

இப்படி எத்தனையோ வருஷம். ஒரு சனிக்கிழமை அந்த லாரியை வேறு ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். மாணிக்கத்துக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, இனிமேல் வண்டிக்கு வரமாட்டார் என்றார். நான் சட்டியை இறக்கினேன், வழித்தேன், ஊற்றினேன், வலையை முக்கி வடியவிட்டேன். மூடியைப் போடுவதற்கு முன்னால் விரலை விட்டு எடுத்து நீட்டினேன். அந்த ஆள் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, துணி வோணுமா?" என்று கேட்டார்.